ஒன்றாக வளர்ந்த பூனைகள் திடீரென்று அடித்துக்கொண்டால்

இரண்டு வருடமாக ஒரே சோபாவில் ஒட்டிப் படுத்த பூனைகள் ஒரு நாள் சாயங்காலம் ரத்தம் வரும் அளவுக்கு அடித்துக்கொள்ளும். வீட்டில் இருப்பவர்கள் உடனே செய்வது, இரண்டையும் தூக்கி வந்து எதிரெதிரே உட்கார வைத்து, "போதும்டா, சேர்ந்து இருங்க" என்று தடவிக் கொடுப்பது. இதைத்தான் செய்யக் கூடாது. நாயும் குரங்கும் சண்டை முடிந்ததும் ஏதோ ஒரு வகையில் சமாதானம் செய்துகொள்ளும். பூனை தனியாக வேட்டையாடிப் பிழைத்த விலங்கு. சண்டைக்குப் பிறகு அதற்கு நன்றாகத் தெரிந்த வழி விலகிப் போவதுதான். விலக இடம் கொடுக்காமல் திரும்பத் திரும்ப முகத்துக்கு நேரே கொண்டுவந்தால் ஒவ்வொரு தடவையும் பகை கெட்டிப்படும்.

இங்கே சொல்வது முக்கியமாக, ஏற்கெனவே கூடி இருந்து பிரிந்துபோன பூனைகளுக்கு. புதுப் பூனை கொண்டுவருபவர்களும் பின்னால் வரும் பழக்கும் முறையை அப்படியே பின்பற்றலாம்.

சண்டை நடக்கும்போது

கையை நடுவே விடாதீர்கள். காலையும்தான். வெறியில் இருக்கும் பூனைக்கு அந்த நேரத்தில் வளர்ப்பவர், அந்நியர் என்ற வித்தியாசம் கிடையாது. பிரித்த அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம், தலையணை, தடித்த போர்வை என எது கைக்குக் கிடைக்கிறதோ அதை இரண்டுக்கும் இடையில் செருகுங்கள். பார்வை மறைந்தாலே பாதி வேகம் குறையும். கைதட்டுவதோ தட்டைத் தரையில் போடுவதோ ஒரு தடவை உதவும். தொடர்ந்து கத்தினால் பயம்தான் கூடும்.

பிரிந்ததும், எது சுலபமாக நகர்கிறதோ அதை அட்டையால் மெல்லத் தள்ளி ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துங்கள். தூக்கப் போகாதீர்கள். விளக்கை அணைத்து, தண்ணீரும் லிட்டர் டிரேயும் (பூனை மலஜலம் கழிக்கும் மணல் தட்டு) வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். சமாதானப்படுத்த உள்ளே போகிறவர்களுக்குத்தான் அதிகம் கடி விழுகிறது. கண்மணி சுருங்கி, வால் அடிப்பது நின்று, தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொண்டு, சாப்பாட்டில் வாய் வைத்தால் தணிந்துவிட்டது என்று பொருள். சில பூனைகளுக்கு இது இரண்டு மணி நேரம், சிலவற்றுக்கு இரண்டு நாள்.

தணிந்த பிறகு உடம்பைத் தடவிப் பாருங்கள். பூனைப் பல் மெல்லியது, கூரானது. மேலே ஊசிமுனை அளவுத் துளைதான் தெரியும், அதுவும் மயிருக்குள் மறைந்திருக்கும். மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ள, உள்ளே போன கிருமி 2 முதல் 5 நாளில் சீழ்க்கட்டியாகும். சோர்வு, சாப்பிடாமை, தொட்டால் சீறுவது, ஓரிடம் சூடாக வீங்குவது ஆகியவை அடையாளம். காயம் எங்கே இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முகத்திலும் முன்காலிலும் இருந்தால் அது எதிர்த்து நின்ற பூனை. வால் அடியிலும் பின்தொடையிலும் இருந்தால் ஓடும்போது கடிபட்ட பூனை. யார் யாரைத் துரத்துகிறார் என்பது பல வீடுகளில் இப்படித்தான் முதலில் தெரிய வருகிறது.

காயத்தை உப்புக் கரைசலால், அதாவது மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைனால் கழுவினால் போதும். டெட்டால் வேண்டாம். அதில் இருப்பது பீனால் வகைப் பொருள், நக்கும்போது உள்ளே போகும், பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக முறித்து வெளியேற்ற முடியாது. வலிக்கு பாராசிட்டமால் ஒருபோதும் கொடுக்காதீர்கள், ஒரே மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடலாம்.

உங்களைக் கடித்திருந்தால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடி ஊசியும் டெட்டனஸ் ஊசியும் தேவையா என்பதை அங்கே முடிவு செய்யட்டும். விரலிலும் மணிக்கட்டிலும் பட்ட பூனைக்கடி ஒரே நாளில் வீங்கிவிடும், மஞ்சள் வைத்துவிட்டுக் காத்திருக்கிற விஷயம் இல்லை.

சண்டையா, விளையாட்டா

விளையாட்டில் சத்தம் இருக்காது. காது முன்பக்கம் பார்த்திருக்கும், நகம் உள்ளே இருக்கும், துரத்துவதும் துரத்தப்படுவதும் மாறி மாறி நடக்கும், நடுவில் இரண்டும் நின்று மூச்சு வாங்கும். ஒன்றே எப்போதும் துரத்தினால், மற்றது ஓடி ஒளிந்தால், மயிர் பறந்தால் அது விளையாட்டு இல்லை.

இதைவிட முக்கியம் சத்தமே இல்லாத சண்டை. ஒரு பூனை நடைபாதையின் குறுக்கே நீட்டிப் படுத்திருக்கும். டிரே இருக்கும் குளியலறை வாசலில் உட்கார்ந்திருக்கும். கண் சிமிட்டாமல் முறைக்கும். பார்க்கிறவருக்கு அது சாதுவாகத் தெரியும். மற்றது சீறும், உறுமும், கத்தும். திட்டு வாங்குவது சீறுகிற பூனை. உண்மையில் சீறுவது பெரும்பாலும் பயந்த பூனைதான், "கிட்டே வராதே" என்பதைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. முறைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும் பூனையின் மேல்தான் கண் வைக்க வேண்டும். ஒரு பூனை திடீரென்று மெத்தையில் சிறுநீர் கழிக்கத் தொடங்கினால், அதைத் தண்டிப்பதற்கு முன்னால் டிரேவுக்குப் போகும் வழியை யாராவது மறிக்கிறார்களா என்று பாருங்கள்.

ஏன் நேற்று வரை இல்லாமல் இன்று

ஜன்னலுக்கு வெளியே ஒரு கடுவன், அதாவது ஆண் பூனை. இதுதான் நம்மூர் வீடுகளில் அடிக்கடி நடப்பது, கடைசியாகத்தான் கண்டுபிடிக்கப்படுவதும் இதுவே. தெருவில் திரியும் கடுவன் காம்பவுண்டுச் சுவரில் வந்து உட்காரும். உள்ளே இருக்கும் பூனைக்கு வெறி ஏறும், ஆனால் கம்பியைத் தாண்டிப் போக முடியாது. அந்த நொடியில் தன் பக்கத்தில் வரும் எதன் மேலும் பாயும், கூடப் பிறந்ததாக இருந்தாலும் சரி. அடி வாங்கியது பயந்து எதிர்க்கும், அடித்தது அந்தப் பயத்தைப் பார்த்து மறுபடி பாயும். கடுவன் போன பிறகும் இரண்டுக்கும் நடுவே அந்தச் சண்டை மட்டும் தங்கிவிடும். தீபாவளி வெடிச் சத்தமும் இதே வேலையைச் செய்யும். ஆகவே அன்றிரவு இரண்டையும் தனித்தனி அறையில் வைப்பது நல்லது.

ஜன்னலின் கீழ்ப்பகுதி இரண்டடியை செய்தித்தாளாலோ ஒட்டும் படலத்தாலோ மறையுங்கள். தெருப்பூனைகளுக்குச் சோறு வைப்பவராக இருந்தால் வாசலில் வைக்காமல் ஜன்னலிலிருந்து தெரியாத தூரத்தில் வையுங்கள். வெளிச்சுவரிலும் கதவிலும் கடுவன் பீய்ச்சிய சிறுநீரை என்சைம் கிளீனரால் கழுவுங்கள். கறுப்பு பினாயில் வேண்டாம். அதிலும் பீனால்தான், தரையில் நடந்து காலை நக்கும் பூனைக்கு நஞ்சு.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பூனை. கருத்தடை செய்துவிட்டு வீட்டுக்கு வரும், வரவேற்பு சீற்றம். பூனைகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பதில் மணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்பிரிட், மயக்க மருந்து, வேறு விலங்குகளின் வாடை எல்லாம் சேர்ந்த உடம்பு வீட்டுப் பூனைக்கு அந்நியம். கேரியரைக் கூடத்தில் திறந்துவிடாமல் நேராக ஓர் அறைக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் அது படுக்கும் துணியை அங்கே விரியுங்கள். குறைந்தது ஓர் இரவு, மயக்கம் தெளிந்து தன்னை நக்கிக்கொள்ளும் வரை கதவு மூடியே இருக்கட்டும். இந்த ஒரு இரவைச் சேமிக்கப் போய் இரண்டு மாதம் பிரித்து வைக்க வேண்டியதாகிறது.

வலி. பத்து வயதைத் தாண்டிய பூனை எரிச்சல்படத் தொடங்கினால் பல், மூட்டு, தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கடுவன் டிரேயில் போய்ப் போய் உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லை என்றால் சண்டையை மறந்துவிட்டு அந்த நேரமே மருத்துவரிடம் ஓடுங்கள், மறுநாள் வரை தாங்காது.

வயது. கூடப் பிறந்த குட்டிகள் வளர்ந்து 2 முதல் 4 வயதுக்குள் தமக்கென்று இடம் பிடிக்கத் தொடங்கும். அதுவரை இருந்த நட்பு தேய்வது இயல்பு. குட்டி போட்ட தாயும் சில வாரங்கள் யாரையும் அண்ட விடாது, அதற்குத் தனி அறையே மருந்து.

கருத்தடை செய்யாத கடுவன்களுக்கு மேலே சொன்ன எதுவும் பெரிதாக உதவாது. அறுவை சிகிச்சை செய்தால் பத்தில் எட்டு ஒன்பது கடுவன்களிடம் சண்டையும் சுற்றித் திரிவதும் குறைகிறது. ஆனால் மறுநாளே இல்லை, சில வாரம் முதல் ஓரிரு மாதம் பிடிக்கும். அந்த இடைவெளியில் "ஆபரேஷன் பண்ணியும் மாறலையே" என்று சேர்த்து விட்டுவிடாதீர்கள். தெருவிலிருந்து புதிதாக எடுத்த கடுவனுக்கு எஃப்ஐவி (பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்) பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், அது பெரும்பாலும் கடி வழியாகவே பரவும்.

வீட்டை மாற்றி அடுக்குவது

பிரித்து வைத்திருக்கும் நாட்களில் இந்த வேலையை முடித்துவிட வேண்டும். பழைய அடுக்கிலேயே மறுபடி சேர்த்தால் பழைய சண்டைதான்.

டிரே, பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட. இரண்டு பூனைக்கு மூன்று. வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பூனைக்கு அது ஒரே டிரே, ஒரு பூனை வாசலில் உட்கார்ந்தால் மூன்றும் போச்சு. வெவ்வேறு அறைகளில் வையுங்கள். நீளம் பூனையின் உடம்பைப் போல் ஒன்றரை மடங்கு. கடையில் விற்கும் டிரேக்கள் பெரும்பாலும் சிறியவை, துணி துவைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பின் ஒரு பக்கத்தை வெட்டித் தாழ்த்தினால் மலிவாக முடியும். மூடி வேண்டாம். உள்ளே போன பூனை சுற்றிலும் பார்க்க முடிய வேண்டும், இல்லாவிட்டால் வெளியே வரும்போது பதுங்கித் தாக்குதல் நடக்கும்.

சாப்பாட்டுக் கிண்ணங்களை ஒன்றுக்கொன்று பார்வையில் படாத இடத்தில் வையுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒற்றுமை வரும் என்பது நம் ஆசை மட்டுமே. தண்ணீரும் இரண்டு இடத்தில்.

உயரம். சின்ன ஃபிளாட்டில் தரை இடம் கூட்ட முடியாது, சுவர் இடம் கூட்டலாம். 25 முதல் 30 செ.மீ. அகலப் பலகைகள், பீரோ மேல், லாஃப்ட் எல்லாம் கணக்கில் சேரும். ஒவ்வொன்றுக்கும் ஏற ஒரு வழி, இறங்க வேறொரு வழி இருக்க வேண்டும். ஒரே வழி இருந்தால் அது பொறி. ஒளிய வைக்கும் அட்டைப்பெட்டிகளுக்கும் அதே விதி, இரண்டு பக்கமும் ஓட்டை போடுங்கள். பிராண்டுவதற்குத் தேங்காய்நார்க் கயிறு இறுக்கிச் சுற்றிய கட்டை, பூனை முழுதாக எழும்பி நீளும் அளவுக்கு, மூன்றடி உயரம், ஆடாமல்.

மறுபடி பழக்குவது

எதை அறையில் வைப்பது? துரத்துகிற பூனையை. பயந்த பூனை வீட்டில் நடமாடட்டும். பயந்ததை அடைத்தால் வீடு முழுவதும் மற்றதன் சொத்தாகிவிடும். இரண்டும் ஒழுங்காகச் சாப்பிட்டு, டிரே பயன்படுத்தி, வழக்கம்போல் தூங்கும் வரை அடுத்த கட்டம் இல்லை. சின்னச் சண்டைக்கு மூன்று நான்கு நாள், காயம் பட்ட சண்டைக்கு வாரக் கணக்கு.

முதல் கட்டம் மணம். சுத்தமான பருத்தித் துணியால் ஒரு பூனையின் கன்னம், தாடை, நெற்றிப் பொட்டு ஆகிய இடங்களைத் தடவி, மற்றதன் கிண்ணத்திலிருந்து ஓரடி தள்ளிப் போடுங்கள். சீறினால் இன்னும் தள்ளுங்கள். கண்டுகொள்ளாமல் சாப்பிட்டால் நாளுக்கு நாள் கிட்டே கொண்டுவாருங்கள். தினமும் ஒரு மணி நேரம் அறையை மாற்றி விடுங்கள், ஒன்றையொன்று பார்க்காமல்.

இரண்டாம் கட்டம் மூடிய கதவு. இரு பக்கமும் கதவிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிச் சாப்பாடு. ஒவ்வொரு வேளையும் ஒரு சாண் நெருங்குங்கள். ஒரு பூனை தின்னாமல் கதவையே பார்த்தால் நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள், முந்தைய தூரத்துக்குப் போங்கள். இதற்கு வேளைக்குச் சாப்பாடு என்ற பழக்கம் வேண்டும். நாள் முழுக்கக் கிண்ணம் நிரம்பியே இருக்கும் வீட்டில் சாப்பாட்டுக்கு மதிப்பே இருக்காது. இந்த வேளைகளுக்கென்று மட்டும் ருசியானது ஏதாவது ஒதுக்குங்கள். வேகவைத்த கோழியோ முள் எடுத்த மீனோ போதும், உப்பு, வெங்காயம், பூண்டு சேராமல். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

மூன்றாம் கட்டம் பார்வை. பெரும்பாலான முயற்சிகள் கெட்டுப்போவது இங்கேதான். கதவில் ஸ்டீல் கொசுவலைச் சட்டம் இருந்தால் நல்லது. நைலான் வலையைப் பாய்ச்சலில் கிழித்துவிடும். வலை மேல் பெட்ஷீட்டைத் தொங்கவிட்டு, இரு பக்கமும் மூன்று மீட்டர் தள்ளிச் சாப்பாடு வைத்து, துணியின் அடியைப் பத்து செ.மீ. மட்டும் தூக்குங்கள். முதல் நாள் ஒரு நிமிடம் போதும். கிண்ணம் காலியாவதற்கு முன்பே துணியை இறக்கிவிட வேண்டும். சாப்பாடு தீர்ந்த பின் செய்வதற்கு வேறு எதுவும் இல்லாமல் இரண்டும் முறைக்கத் தொடங்கும். முறைப்பு மூன்று விநாடியைத் தாண்டினால் நடுவில் அட்டையைப் பிடித்துப் பார்வையை வெட்டுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திசை திருப்புங்கள், மறுநாள் தூரத்தைக் கூட்டுங்கள். ஒரு சீற்றம் பெரிய தோல்வி இல்லை. சீறிவிட்டுத் திரும்பிச் சாப்பிட்டால் நல்ல அடையாளம்தான். துணி முழுதாகத் தூக்கியும் இரண்டும் நிம்மதியாகச் சாப்பிடும் நிலை தொடர்ந்து ஒரு வாரம் இருக்கட்டும்.

நான்காம் கட்டம் ஒரே அறை. வீட்டில் இருவர் இருந்தால் ஆளுக்கொரு பூனை. முதலில் தனித்தனியாகப் பத்து நிமிடம் குச்சியில் கட்டிய இறகை வைத்து விளையாடிக் களைக்க வையுங்கள், பிறகு சந்திப்பு. பெரிய அறையில், இரண்டு வழி திறந்திருக்க, கையெட்டும் தூரத்தில் அட்டையும் போர்வையும் இருக்க, ஐந்து நிமிடம். எதையும் மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். பிடியில் இருக்கும் பூனைக்கு ஓட முடியாது, பயத்தில் பிராண்டுவது உங்கள் கையைத்தான். நன்றாகப் போகும்போதே முடித்துவிடுங்கள். நாளுக்கு இரண்டு தடவை, நேரத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டுங்கள். துரத்துகிற பூனைக்கு, இழுத்தால் கழன்றுவிடும் காலரில் சின்ன மணி கட்டினால் மற்றதற்கு முன்கூட்டியே தெரியும், பதுங்கல் பலிக்காது. முறைப்போ மறியலோ இல்லாமல் இரண்டு வாரம் போன பிறகே ஆள் இல்லாத நேரத்தில் சேர்த்து விடலாம்.

ஒரு தடவை பாய்ந்துவிட்டால்? எந்தக் கட்டத்தில் நிம்மதியாக இருந்தனவோ அங்கே திரும்புங்கள். தண்ணீர் பீய்ச்சுவது, அடிப்பது, மூக்கில் தட்டுவது எல்லாம் மற்றப் பூனையைக் கண்டால் கெட்டது நடக்கும் என்று கற்றுக்கொடுப்பதில்தான் முடியும்.

பிளக்கில் செருகும் மருந்தும் மாத்திரையும்

ஃபெலிவே போன்ற ஃபெரமோன் டிஃபியூசர்கள், அதாவது பூனைகளை அமைதிப்படுத்தும் மணப்பொருளை அறையில் பரப்பும் கருவிகள், சில வீடுகளில் உதவுகின்றன, சிலவற்றில் ஒன்றும் செய்வதில்லை. ஒரு பாட்டில் ஏறத்தாழ ஒரு மாதம் வரும். கூடுதல் உதவியாக வைத்துக்கொள்ளலாம், மேலே சொன்னதற்குப் பதிலாக இல்லை. வாசனை எண்ணெய் விளக்குகளை இதற்கு மாற்றாக நினைக்காதீர்கள், அவற்றில் பல பூனைக்கு ஆகாது.

மூன்றாம் கட்டத்திலேயே மாதக் கணக்கில் சிக்கி நின்றால் மருத்துவரிடம் மாத்திரை பற்றிப் பேச வேண்டிய நேரம். மனிதர்களுக்கு மனச்சோர்வுக்குத் தரும் ஃபுளூவாக்ஸெட்டின் பூனைகளுக்கும் கொடுக்கப்படுகிறது. பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். இரண்டாம் நாளே பயனில்லை என்று நிறுத்துவதும், பலன் தெரிந்தவுடன் சட்டென்று நிறுத்துவதும் வழக்கமான பிழைகள். சில சமயம் மாத்திரை தேவைப்படுவது துரத்தும் பூனைக்கு இல்லை, பயந்ததற்கு. ஓடாமல் நிற்கக் கற்றுக்கொண்ட பூனையைத் துரத்துவதில் மற்றதற்கு ஆர்வம் குறையும். போகும்போது முறைப்பதையும் மறிப்பதையும் காட்டும் சின்ன வீடியோ எடுத்துப் போங்கள். மருத்துவமனை மேசையில் எந்தப் பூனையும் வீட்டில் இருப்பதுபோல் நடந்துகொள்ளாது. நகரில் பூனை நடத்தையில் பழக்கமுள்ளவர் கிடைக்காவிட்டால், சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

ஒத்து வராவிட்டால்

எல்லாப் பூனைகளும் மறுபடி கட்டிப்பிடித்துத் தூங்காது. ஒரே அறையில் நான்கடி தள்ளி உட்கார்ந்து ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இருந்தாலே வெற்றி. அதுவும் முடியாவிட்டால் முறை வைத்து வாழலாம். பகலில் ஒன்றுக்குக் கூடம், இரவில் மற்றதற்கு. மாற்றும் நேரம் தினமும் ஒன்றாக இருந்தால் பூனைகள் விரைவில் பழகிக்கொள்ளும், வருடக் கணக்கில் இப்படி ஓடும் வீடுகள் உண்டு.

திரும்பத் திரும்பக் காயம் பட்டால் ஒன்றுக்கு வேறு வீடு பார்ப்பதில் குற்றம் இல்லை. சாக்கில் கட்டி மீன் சந்தையில் விட்டுவருவது வேறு விஷயம். வீட்டில் வளர்ந்த பூனைக்கு அங்கே பிழைக்கத் தெரியாது. பட்டினி கிடக்கும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். கொடுக்கும்போது வேறு பூனை இல்லாத வீடாகப் பாருங்கள். தடுப்பூசி அட்டை, கருத்தடை செய்த தேதி, பழகிய டிரே, அதில் ஒரு பிடி பழைய லிட்டர், படுத்த துணி எல்லாம் கூடவே போகட்டும். சண்டை போட்ட விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அவர்கள் இரண்டாவதாக ஒரு குட்டி வாங்க நினைக்கும் நாளில் அது தெரிந்திருக்க வேண்டும்.